கழுதைக்கு வைத்த பூ

எங்கள் வீட்டில் கழுதை வளர்த்தோம் என்று சொன்னால் என் கணவர் வீட்டில் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவள் யாரையோ குத்திக்காட்டுகிறாளோ என்று ஆளுக்கு ஆள் யோசிக்க ஆரம்பிப்பார்கள். நான் யாரையும் குத்திக்காட்டவில்லை. ஆடு வளர்த்தோம், அந்த ஆட்டுக்குக் காவலாகக் கழுதை வளர்த்தோம். அவ்வளவுதான் விஷயம்.

மரக்காணத்தில் உப்பளம் முடிந்து மணல்மேடு தொடங்குகிற இடத்தில், ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு இருந்தது. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த கொட்டாயில் செம்மறி ஆடுகள். அவற்றைப் பார்த்துக்கொள்வது அம்மா. அவற்றைப் பற்றிக் கவலைப்படுவது நான். அப்போது மூன்றாம் வகுப்புதான் படித்துக்கொண்டிருந்தேன், ஆனால் கவலைப்படுவதில் பெரிய மனுஷி. அதிலும் கருமூஞ்சி என்கிற பெட்டை ஆட்டை அப்பா என் பேருக்கு விட்டிருந்தார். அது போடுகிற குட்டியெல்லாம் எனக்கு என்று பேச்சு. அதனால் அதற்கு இருமல் வந்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் வறுவல் கடைகள் பெருகப் பெருக, கூடவே நாய்களும் பெருகின. கடை திறக்காத நாளில் அவை பசியோடு மணல்மேட்டைத் தாண்டி எங்கள் கொட்டாய்க்கு வந்துவிடும். சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. அந்தக் கோடையில் இரண்டு குட்டிகளை நாய்க்குக் கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எங்காவது நாய் குரைத்தால் எனக்கு வாய்ப்பாடு மறந்துபோகும்.

என் அப்பா யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். டீக்கடையில் யாரோ, ஆட்டுப்பட்டியில் கழுதையை விட்டால் நாய் கிட்டே வராது என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒரு கடாவை ஓட்டிக்கொண்டு கிளியனூர் பக்கம் போனார். பொழுது சாயும்போது சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையில் இரண்டு கழுதைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஆட்டக் குடுத்துட்டுக் கழுதைய வாங்கினு வந்த மொத ஆளு இந்த ஜில்லாவுலயே நீதான்யா.”

“காவலுக்குடி. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டுமேன்னு வாங்கினேன்” என்றார் அப்பா.

ஒன்றுக்கு இரண்டாக வாங்கியதுதான் தப்பாகிவிட்டது. இரண்டு கழுதைகளும் ஒன்றன் கழுத்தின்மேல் ஒன்று தலையை வைத்துக்கொண்டு நாளெல்லாம் நிற்கும். ஆடு என்று ஒரு ஜாதி உலகத்தில் இருப்பதாகவே அவை காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் விடியற்காலையில் நாய் வந்து ஒரு குட்டியின் காதைக் கிழித்துவிட்டுப் போனபோதும் அப்படியேதான் நின்றன. அப்பா கோபமாகக் கிளியனூருக்குப் போனார். கழுதைக்காரர் சிரித்தாராம். “ரெண்டு இருந்தா அதுங்க பாட்டுக்குப் பேசிக்கினு இருக்கும்பா. ஒண்டியா விடு. அப்பத்தான் ஆட்டத் தன்னோட சனம்னு நெனைக்கும்” என்றாராம்.

ஆண் கழுதை திரும்பிப் போயிற்று. மிச்சமிருந்த பெட்டைக் கழுதை கத்திய கத்தலை நான் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். காலையில் கழுதை கத்துவது நல்ல சகுனம் என்று வெளியூர் புறப்படுகிறவர்கள் எங்கள் வீட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். டீக்கடையில் மாட்டியிருக்கிற ‘என்னைப் பார் யோகம் வரும்’ படத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டும் போனார்கள். கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு, அது மெதுவாக ஆடுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அப்புறம் அவை மேய்கிற இடத்தில் மேய்ந்தது. ஒருநாள் நாய் வந்தபோது காதை மடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அதைச் சாலை வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடியது. அம்மாவே வாயைப் பிளந்து பார்த்தாள். அன்றிலிருந்து கழுதைக்கும் ஒரு பிடி தவிடு கிடைத்தது.

எனக்குக் கொட்டாயைப் பற்றிய பயம் விட்டது. ஆனால் பயம் என்னை விட்டு ரொம்ப நாள் பிரிந்திருக்காது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அத்தை வந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. குயிலாப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமாவுக்கு ஆரோவிலில் தோட்ட வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால், பேருந்தை விட்டு இறங்கும்போதே அவள் சிரிப்புச் சத்தம் வீடு வரைக்கும் கேட்பதாக அம்மா சொல்வாள். கேட்காது, ஆனால் கேட்டதாகவே இருக்கும். இந்தத் தடவை அப்பா போய்க் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டபோது கையைப் பிடித்துக்கொண்டாள், திரும்பவில்லை. செத்துப்போய்விடுவாளோ என்று அம்மாவிடம் ஓடினேன்.

“அத்தைக்கு இன்னாம்மா?”

“ஒண்ணுமில்ல. கேஸ் ட்ரபிளு. சும்மா சும்மா போயி நச்சரிக்காத.”

கேஸ் ட்ரபிளுக்கு ஓமத்தண்ணீர் நல்லது என்று எனக்குத் தெரியும். எனக்கு வயிறு உப்பினால் அம்மா அதைத்தான் தருவாள். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் ஓமத்தண்ணீரைக் கொண்டுபோய் அத்தைக்குக் கொடுப்பேன். அவள் எழுந்து உட்கார்ந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தருவாள். வேண்டாம் என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. குணமாகவும் இல்லை. அளவு போதவில்லையோ என்று பெரிய டம்ளருக்கு மாறினேன்.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்தியது. அப்பா தினமும் வேலை விட்டு வரும்போது வாழை இலையில் சுற்றிய மல்லிகைப் பூவோடு வந்தார். மழைக்காலத்தில் மல்லி கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கே எங்கேயோ தேடி வாங்கி வருவார். அம்மா அதை வாங்கிக்கொண்டு அத்தை இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். “எனக்கு ஒரு முழம் குடும்மா” என்று கேட்டதற்கு, “இது மருந்து, தொட்டீன்னா தெரியும்” என்று விரட்டினாள். காலையில் வாடிய பூவை வேலியோரம் கொட்டுவாள். அத்தை தலையில் ஒரு பூவும் இருக்காது. கேஸ் ட்ரபிளுக்குப் பூவை வயிற்றில் வைத்துக் கட்டுவார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இப்படி நானே முடிவு செய்துகொண்ட விஷயங்கள் அந்த வயசில் நிறைய.

இதற்கு நடுவில் கழுதை குட்டி போட்டது. அது சினையாக இருந்ததைக் கழுதைக்காரர் சொல்லவே இல்லை. குட்டி செத்துப் பிறந்தது. கழுதை ஒரு பகல் முழுவதும் அதை ஒட்டியே நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. அப்பா ஒரு வழியாகச் செத்த குட்டியை இழுத்துக்கொண்டு போய் மணல்மேட்டில் புதைத்தார். நான் அழுதேன். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். “பாவம்டி, வாயில்லாத ஜீவன். பத்துப் பன்னெண்டு மாசம் வயித்துல சொமந்துட்டு எப்படித் தேடுது பாரு. மடியெல்லாம் பால் கட்டிக்கினு எவ்ளோ வலிக்கும்.” சொல்லிக்கொண்டே வந்தவள், சாத்தியிருந்த அறைக்கதவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். அத்தை தூங்குகிறாள், சத்தம் போடக் கூடாது என்று நானும் அழுகையை அடக்கிக்கொண்டேன்.

கருமூஞ்சி குட்டி போட்டது அதற்கு அடுத்த வாரம். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு. உப்பளத்துக் கரையில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்தின் மேல் மூடிய கீற்று காற்றில் பறக்கிறது என்று முதலாளி ஆள் அனுப்ப, அப்பா விடியும்போதே போய்விட்டார். நான் கொட்டாய்க்கு ஓடியபோது கருமூஞ்சி ஒரு மூலையில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் குட்டி இல்லை. நாய்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன்.

குட்டி எதிர் மூலையில் இருந்தது. கழுதையின் நான்கு கால்களுக்கு நடுவில், ஈரம் காயாமல், நடுங்கிக்கொண்டு நின்றது. கழுதை அதை நக்கிக்கொண்டிருந்தது. கருமூஞ்சி ஓரடி எடுத்து வைத்தால் போதும், கழுதை காதை மடித்துப் பல்லைக் காட்டியது. நாயைத் துரத்துமே, அதே முகம். குட்டி தலையை மேலே மேலே தூக்கிக் கழுதையின் மடியைத் தேடியது. எட்டவில்லை. எட்டிப் பிடிக்கப் பார்த்து ஒவ்வொரு தடவையும் பின்னங்கால் மடங்கி விழுந்தது.

அம்மா குச்சியோடு வந்தாள். கழுதை திரும்பி ஓர் உதை விட்டதில் தவிட்டுத் தொட்டி இரண்டாகப் போயிற்று. கயிறு போட்டுப் பார்த்தாள். கையைக் கடிக்க வந்தது. நாலைந்து ஆடுகள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தன. கொஞ்ச நேரத்தில் குட்டி விழுந்தால் எழுந்திருக்க முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

“ஓடு, அப்பாவக் கூட்டினு வா. கரை மேலயே போ, தண்ணியில எறங்காத” என்றாள் அம்மா.

அந்த வருஷம் தண்ணீர் என்றாலே எங்கள் பக்கத்தில் பெரியவர்களே ஒதுங்கித்தான் போவார்கள். உப்பளத்தில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளமாகக் கிடந்தது. கரையின் மேல் வளர்ந்திருந்த வேலிக்காத்தான் செடிகளை அடையாளம் வைத்துக்கொண்டு நடந்தேன். தலையில் போட்டிருந்த சாக்குப்பை நனைந்து கனத்தது. கடல் சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது. கடலுக்குப் பயந்து வேகமாக நடந்தால் கால் வழுக்கியது, மெதுவாக நடந்தால் குட்டி செத்துவிடும். போகிற வழியெல்லாம் தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன்.

அப்பா உப்பு அம்பாரத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கீற்றைப் பிடித்திருந்தார். கீழே இரண்டு பேர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அழுதுகொண்டே சொன்னது காற்றில் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

“நான் இப்ப எறங்கினா உப்பு மொத்தமும் கரைஞ்சு போயிடும்மா!” என்று மேலிருந்து கத்தினார். “கழுதைய எப்பிடியாவது தள்ளிட்டுக் குட்டிய ஆட்டுக்கிட்ட விடச் சொல்லு. மொதப் பாலு குடிக்கலன்னா குட்டி நிக்காது. நேரமாச்சுன்னா ஆடும் சேர்த்துக்காது. ஓடு!”

அப்பா வராமல் தனியாகத் திரும்பி ஓடியது எப்படி என்று இன்றைக்கு நினைவில்லை. கொட்டாய்க்கு வந்து சேர்ந்தபோது அம்மா மழையில் நனைந்தபடி வாசலில் நின்று, “வேணாம், வந்துடு, பச்ச உடம்பு, ஒதைச்சிடப் போவுது, உன்னக் கும்பிடறேன் வந்துடு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அத்தை இருந்தாள். அறையை விட்டு வெளியே வராத அத்தை. தலைமுடி அவிழ்ந்து கிடக்க, கழுதைக்கு ஒரு முழம் தள்ளிச் சாணி ஈரத்தில் குந்தியிருந்தாள். கழுதை பல்லைக் காட்டியது. அத்தை நகரவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கழுதையின் காது மெல்ல நிமிர்ந்தது. அவள் கையை நீட்டி அதன் கழுத்தைத் தொட்டாள். அப்படியே முதுகோடு தடவிக்கொண்டு வந்து வயிற்றுக்கு அடியில் கையைக் கொண்டுபோனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உதைக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது பால் தரையில் பீய்ச்சுகிற சத்தம்.

“கல்லு மாரி இருக்குது அண்ணி” என்றாள் அத்தை. அவள் வந்ததிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

பால் தரையில் ஓடியது. கழுதை தலையைத் தொங்கப்போட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. அத்தை அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்தபடி பீய்ச்சிக்கொண்டே, என்னை வரச் சொல்லிக் கண்ணால் சைகை காட்டினாள். நான் பின்பக்கமாகத் தவழ்ந்து போய்க் குட்டியின் காலைப் பிடித்து இழுத்தேன். கழுதை திடுக்கென்று தலையைத் தூக்கியது. அத்தை அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“குடுத்துடும்மா. அது உன்னுது இல்ல. குடுத்துடு” என்றாள்.

குட்டியை வாரிக்கொண்டு ஓடினேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். குட்டி கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

அதோடு முடியவில்லை. கருமூஞ்சி குட்டியை மோந்து பார்த்தது. மேலெல்லாம் கழுதையின் எச்சில். ஒரு முட்டு முட்டித் தள்ளியது. மறுபடி கொண்டுபோய் விட்டோம், மறுபடி தள்ளியது. அப்பா சொன்ன மாதிரியே நேரமாகிவிட்டது, எல்லாம் போயிற்று என்று நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா உள்ளே ஓடி ஒரு கை உப்பு அள்ளி வந்தாள். உப்பளத்துக்காரன் வீட்டில் உப்புக்கா பஞ்சம். தண்ணீரில் கரைத்துக் குட்டியின் முதுகு, வயிறு, வால் என்று வழித்துத் தேய்த்தாள். கருமூஞ்சி சந்தேகமாக ஒரு நக்கு நக்கியது. அப்புறம் இன்னொன்று. உப்பு ருசியில் நக்கிக்கொண்டே இருந்தது. நக்க நக்க அதன் குரல் மாறி, குட்டியைக் கூப்பிடுகிற தாழ்ந்த குரலில் கனைத்தது. குட்டி மடியைப் பிடித்து வாலை ஆட்டிக்கொண்டு குடித்தது. எனக்கு அப்போதுதான் குளிர் தெரிந்தது.

மழை கொஞ்சம் விட்ட சாயங்காலம், அத்தை தன் அறையிலிருந்து பூப்பொட்டலத்தை எடுத்து வந்தாள். முந்தின நாள் அப்பா வாங்கி வந்ததில் மிச்சம். பழைய புடவையைக் கிழித்து, அதில் மல்லியை நிறையப் பரப்பி, கழுதையின் மடியோடு சேர்த்து வைத்து முதுகின் மேலே முடிச்சுப் போட்டாள். கழுதை ஆடாமல் நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எதுக்கு அத்தை கழுதைக்குப் பூவு?”

“பூ வெச்சுக் கட்டினா பால் வத்திடும்டி. வலி கொறையும்” என்றாள் அத்தை.

அப்பா இருட்டுவதற்குள் வந்தார். உடம்பெல்லாம் உப்பும் சேறும். நான் ஓடிப்போய் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பூ கட்டிய கழுதையைக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கழுதையைப் பார்த்தார், அதன் பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய்க் கால் கழுவ ஆரம்பித்தார். சேறெல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

அத்தைக்குக் கார்த்திகை முடிவதற்குள் உடம்பு தேறியது. மாமா வந்து அழைத்துப் போனார். போகும்போது கொட்டாய்க்குப் போய்க் கழுதையின் நெற்றியைத் தடவிவிட்டு வந்தாள். என் ஓமத்தண்ணீர்தான் வேலை செய்தது என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒரு பகல்கூட இருக்காமல் போய்விட்டது என்பது நான் பெரிய பெண்ணான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அத்தை எங்கள் வீட்டில் இருந்தபோதே, அந்த மழை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, அவள் கழுதைக்குப் பூ வைத்த கதையைக் கேட்க என்னைச் சுற்றி ஒரு கூட்டமே கூடியது. எல்லாரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், “உங்க அத்தைக்கு இன்னாடி, எப்பப் பாத்தாலும் உள்ளயே படுத்துனு கீதாமே?” என்று கேட்டாள்.

“எங்க அத்தைக்கு ஒண்ணும் இல்ல, வெறும் கேஸ் ட்ரபிளுதான்” என்றேன் நான். “எங்க கழுதைதான்டி பாவம். அதுக்குக் குட்டி செத்துப்போச்சு.”